பின் சில்லுக்கு டிஸ்க்

டிரம்மைக் கழற்ற மூன்று நாள்.
முதல் நாள் மண்ணெண்ணெய்.
இரண்டாம் நாள் சுத்தியல்.
மூன்றாம் நாள் அருள்நேசன் ஒன்றும் செய்யவில்லை,
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொட்டான்,
கழன்றது.

உள்ளே அரைக் கோப்பை மண்.
மல்லாவி மண்ணில்லை.
வெள்ளை, சிப்பித் தூள் கலந்த கடற்கரை மண்.
"இது எங்க போய் வந்த கார், அண்ணை?"
விற்றவனிடம் நான் கேட்காத கேள்வி அது.
பேப்பரில் கொட்டினோம்.
பேப்பரை யாரும் மடிக்கவுமில்லை, எறியவுமில்லை.
பின்னேரக் காற்று பார்த்துக்கொண்டது.

மொறிஸ் மைனர், அறுபத்திரண்டாம் ஆண்டு.
முன்னுக்கு டிஸ்க், எனக்கு முதல் யாரோ போட்டது.
பின்னுக்கு டிரம், கசிகிற சிலிண்டர்,
சில்லின் உட்புறமெல்லாம் ஒயில் அழுக்கு.
கொழும்பில் ஒரு சிலிண்டருக்குச் சொன்ன விலைக்கு
வவுனியாவில், நொறுங்கின யப்பான் காரொன்றின்
பின் கலிப்பர் சோடி, டிஸ்க் சோடி,
ஹாண்ட் பிறேக் கேபிள்,
பெட்டிக்குள் எப்படியோ ஏறியிருந்த ஒரு பூனைக்குட்டி
எல்லாம் சேர்த்துத் தந்தார்கள்.

"இந்தக் காசுக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர் வரும்,"
என்றாள் யசோமலர் ஒருமுறை.
போன கார்த்திகையில், துணுக்காய் றோட்டில்,
கறுத்த இரவு, கறுத்த மாடு.
நின்றது மாடுதான், கார் இல்லை.
அதன் வாலை உரசிக்கொண்டு போய்
வயல் வரம்பில் மூக்கைக் குத்தினோம்.
பிறகு அவள் மோட்டர்க் கதை எடுக்கவில்லை.

கலிப்பரைத் தாங்க எட்டு மில்லிமீற்றர்த் தகடு வேணும்.
விசுக்கோத்துப் பெட்டி மட்டையில் அளவு வெட்டி
பழைய இரும்புக் கடைக்குப் போனோம்.
அங்கே இல்லாத இரும்பில்லை.
அருள்நேசன் ஒவ்வொன்றாய்த் தட்டிச் சத்தம் கேட்டான்.
சிலதைத் தட்டவில்லை.
கடைசியில் ஒரு ட்ரெயிலரின் அடித் தகடு,
நெல் கொட்டின கீறல்களோடு.

காற்று எடுக்கிற அன்று ஆள் போதவில்லை.
அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்;
ஓட்டுவான், நிப்பாட்டுவான்,
ஆனால் பெடலின் நுணுக்கம் பாதத்துக்குத்தான் தெரியும்.
நான் போத்தலும் குழாயும் பிடிக்க
யசோமலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.
மிதியுங்கோ. பிடியுங்கோ. விடுங்கோ.
மிதியுங்கோ. பிடியுங்கோ.
"இப்ப எப்பிடி, அக்கா?"
"குளத்து வண்டல்ல கால் வைச்ச மாதிரி."
குழாயில் குமிழிகள்.
மிதியுங்கோ. பிடியுங்கோ.
"இப்ப?"
"வண்டலுக்குக் கீழ கல்லு தட்டுது."
இன்னும் நாலு தரம்.
"இப்ப கல்லுத்தான்."
அவன் நட்டை இறுக்கினான்.

முதல் ஓட்டம், தூறல் விழுந்த றோட்டு.
நாற்பதில் மிதித்தேன்.
பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்தது.
நின்றபோது
கண்ணாடிக்கு முன்னால் மல்லாவிச் சந்தி,
நாங்கள் புறப்பட்ட அதே சந்தி.
"பின்னுக்குப் பிடி கூடினா
கார் வந்த வழியைத்தான் பார்க்கும்," என்றான்.
காரைப் பற்றித்தான் சொன்னான்.

பித்தளை வால்வு ஒன்று பின் குழாயில் ஏறியது.
கால் திருகு, ஓட்டம், கால் திருகு, ஓட்டம்.
றோட்டுக்கரைப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.
பதினோராவது தரம்
கார் நேராய் நின்றது,
நாங்கள் மட்டும் முன்னுக்குச் சாய்ந்தோம்.

மிச்சம் ஹாண்ட் பிறேக்.
இந்தப் பக்கத்தில் ஏற்றமென்றால் குளக்கட்டுத்தான்.
வவுனிக்குளத்துக் கட்டின் சரிவில், நடுவில் நிறுத்தி,
மூன்றாம் சொடுக்கில் இழுத்துவிட்டு
காலை எடுத்தேன், கியரையும் எடுத்தேன்.
எருமைகள் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தன.
அசையவில்லை.
அருள்நேசன் பின்னால் நின்று பம்பரைத் தள்ளினான்,
பிறகு இழுத்தான்.
அசையவில்லை.

யசோமலர் இறங்கிப் போய்
ஒரு கல்லைத் தூக்கிவந்து
பின் சில்லுக்கு அண்டை கொடுத்தாள்.

"பிடிக்குது," என்றேன்.
"பிடிக்கட்டும்," என்றாள்.